'திருமங்கலம் ஃபார்முலா': ஓட்டுக்குப் பணம் என்றாலே இந்த ஊர் பெயர் ஏன் வருது? சட்டம் ஏன் தடுக்கல? முழு விவரம்

தமிழ்நாட்டில் எங்கே இடைத்தேர்தல் வந்தாலும் ஒரு வார்த்தை தவறாமல் காதில் விழும். 'திருமங்கலம் ஃபார்முலா'. எதிர்க்கட்சியில் இருப்பவர்கள் ஆளுங்கட்சியைத் திட்டப் பயன்படுத்துவார்கள். அவர்களே ஆளுங்கட்சி ஆனதும் அதே வார்த்தை அவர்கள் மீது திரும்பும். டீக்கடை பெஞ்ச் முதல் டிவி விவாதம் வரை ஓட்டுக்குப் பணம் என்பதற்கே அது மறுபெயர் ஆகிவிட்டது.

ஆனால் திருமங்கலம் என்பது மதுரைக்குத் தெற்கே இருக்கிற ஒரு நகராட்சி. அந்தப் பெயரில் இருக்கிற தொகுதியில் டி.கல்லுப்பட்டி, பேரையூர், கள்ளிக்குடி பக்கத்து மானாவாரி கிராமங்களும் அடக்கம். பருத்தியும் சோளமும் மழையை நம்பி விளைகிற பூமி. 2009-ல் நடந்த ஒரே ஒரு இடைத்தேர்தலின் பெயரை இந்த மக்கள் இன்னும் சுமக்கிறார்கள்.

அன்று என்ன நடந்தது? அது ஏன் 'ஃபார்முலா' ஆனது? ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம் என்று சட்டம் இருந்தும் ஏன் யாரும் மாட்டுவதில்லை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• 2009 ஜனவரி 9-ல் திருமங்கலம் இடைத்தேர்தல். திமுக 39,266 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி.
• வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் கவரில் பணம் போனதாகக் குற்றச்சாட்டு. திமுக தரப்பு மறுத்தது.
• ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அதிகபட்சத் தண்டனை ஓராண்டு சிறை.
• பணப் புகாரில் தமிழ்நாட்டில் பல தேர்தல்கள் ரத்தாகின. ஆனால் அதே வேட்பாளர்கள் மீண்டும் நிற்கத் தடை எதுவும் இல்லை.

2009 ஜனவரியில் என்ன நடந்தது?

2006 சட்டப்பேரவைத் தேர்தலில் திருமங்கலத்தில் ஜெயித்தவர் மதிமுகவின் வீர இளவரசன். அப்போது மதிமுக, அதிமுக கூட்டணியில் இருந்தது. அவர் மறைந்ததால் இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சியான திமுக சார்பில் லதா அதியமான், அதிமுக சார்பில் மு. முத்துராமலிங்கம் போட்டி.

திமுகவுக்கு இந்தத் தேர்தல் சாதாரணமானது இல்லை. சில மாதங்களில் மக்களவைத் தேர்தல் வரவிருந்தது. இங்கே தோற்றால் அதன் தாக்கம் அங்கேயும் இருக்கும் என்ற நிலை. தேர்தல் பொறுப்பை மு.க. அழகிரி ஏற்றார். இரண்டு பக்கமும் பெரிய தலைவர்கள் வந்து தொகுதியில் முகாமிட்டார்கள். பணப் பட்டுவாடா நடக்கிறது என்று அதிமுக கூட்டணி தேர்தல் ஆணையத்திடம் புகார் மேல் புகார் கொடுத்தது.

ஜனவரி 9-ல் வாக்குப்பதிவு. சுமார் 89 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அன்றைய நிலையில் அது அசாதாரணமான அளவு. முடிவில் லதா அதியமானுக்கு 79,422 ஓட்டு, முத்துராமலிங்கத்துக்கு 40,156 ஓட்டு. 2006-ல் தோற்ற தொகுதியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஓட்டு வாங்கி திமுக ஜெயித்தது. இதற்குப் பிறகு அழகிரி கட்சியின் தென்மண்டல அமைப்புச் செயலாளர் ஆனார். அதே ஆண்டு மதுரை எம்.பி.யாகி மத்திய அமைச்சரும் ஆனார்.

பணப் புகாரை திமுக தரப்பு மறுத்தது. அரசின் நலத்திட்டங்களுக்குக் கிடைத்த வெற்றி என்றது. தேர்தல் ரத்தாகவில்லை. லதா அதியமான் 2011 வரை எம்.எல்.ஏ.வாக இருந்தார்.

'ஃபார்முலா' என்பது என்ன?

இந்த விஷயம் உள்ளூர்ப் பேச்சைத் தாண்டி உலகச் செய்தி ஆனது 2011 மார்ச்சில். விக்கிலீக்ஸ் வெளியே கொண்டுவந்த அமெரிக்கத் தூதரக ஆவணங்களை 'தி இந்து' நாளிதழ் வெளியிட்டது. அதில் ஒன்று, சென்னையில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் 2009 மே மாதம் அனுப்பியது. தென்னிந்தியாவில் ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் பற்றியது. அதில் திருமங்கலத்துக்கு முக்கிய இடம்.

அந்த ஆவணம் சொன்னது இதுதான்: வழக்கமாக ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் போகும். திருமங்கலத்தில் அப்படி இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோருக்கும், காலையில் வரும் பேப்பருக்குள் கவர் வைத்து அனுப்பப்பட்டது. கவருக்குள் பணத்தோடு, எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போட வேண்டும் என்ற சீட்டும் இருந்தது. ஒரு ஓட்டுக்கு 5,000 ரூபாய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட தகவல் இல்லை. தூதரக அதிகாரிகள் அரசியல்வாதிகளிடமும் மற்றவர்களிடமும் பேசி எழுதி அனுப்பிய குறிப்பு. இதையும் திமுக தரப்பு மறுத்தது. ஆனாலும் அந்த விவரிப்புதான் மக்கள் மனதில் நின்றது.

அதில் புதுசு என்று சொல்லப்பட்டது மூன்று விஷயங்கள். ஒன்று, தன் கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுப்பது. இரண்டு, வாக்காளர் பட்டியலையே விநியோகப் பட்டியலாக மாற்றுவது. பாகம் எண், வரிசை எண், வீட்டு எண் எல்லாம் அதில் தயாராக இருக்கிறது. ஒரு பூத்துக்கு இத்தனை பேர், ஒரு வீட்டுக்கு இத்தனை ஓட்டு என்று கணக்குப் போட பூத் கமிட்டி போதும். மூன்று, தொகை. எதிர்த் தரப்பு ஈடு கொடுக்கவே முடியாத அளவுக்கு ஏற்றிவிடுவது.

அதுக்கு முன்னாடி பணமே கொடுத்ததில்லையா?

கொடுத்தார்கள். திருமங்கலம் வானத்தில் இருந்து குதிக்கவில்லை. மதுரையிலேயே 2006 அக்டோபரில் மதுரை மத்தி, 2007 ஜூனில் மதுரை மேற்கு என்று இரண்டு இடைத்தேர்தல்கள் நடந்தன. இரண்டிலும் ஆளுங்கட்சிக் கூட்டணிதான் ஜெயித்தது. இரண்டிலும் பணப் புகார் எழுந்தது. அதற்கும் முன்னால் சாராயம், பிரியாணி, சேலை, வேட்டி, மூக்குத்தி என்று தேர்தலுக்குத் தேர்தல் கதை உண்டு.

இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சிக்குச் சாதகம் என்பதும் பழைய கதை. 2009 ஆகஸ்டில் 5 தொகுதி இடைத்தேர்தல் வந்தபோது அதிமுக போட்டியிடாமல் புறக்கணித்தது. 15 ஆண்டுகள் கழித்து 2024-ல் விக்கிரவாண்டி, 2025-ல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல்களையும் அதே கட்சி புறக்கணித்தது. நடுவில் அதிமுக ஆட்சியில் இருந்தபோது இடைத்தேர்தல்களில் அதே புகாரை திமுக சொன்னது. யார் கோட்டையில் இருக்கிறார்களோ அவர்கள் மீது புகார் வரும். ஃபார்முலா எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை.

ரகசிய ஓட்டுதானே? வாங்கிட்டு மாத்திப் போட்டா என்ன பண்ணுவாங்க?

எல்லோருக்கும் வருகிற நியாயமான கேள்வி. பூத்துக்குள் யார் எந்தப் பட்டனை அமுக்கினார்கள் என்று எவருக்கும் தெரியாது. பிறகு எதற்குக் கோடிக்கணக்கில் செலவு?

முதல் காரணம் பயம். எதிராளி கொடுத்து நாம் கொடுக்காவிட்டால் தோற்றுவிடுவோமோ என்ற பயம். ரெண்டு பேருமே கொடுக்காமல் இருந்தால் ரெண்டு பேருக்கும் லாபம். ஆனால் எதிராளியை நம்ப முடியாது. அதனால் ரெண்டு பேரும் கொடுக்கிறார்கள். ரெண்டு பக்கமும் வாங்கிய வாக்காளர் தன் இஷ்டத்துக்கு ஓட்டுப் போடுகிறார்.

இரண்டாவது காரணம், வாக்காளரை வீட்டை விட்டு வெளியே வரவைப்பது. தன் ஆதரவாளர்களே ஓட்டுப் போட வராமல் போனால் கட்சிக்கு நஷ்டம். கையில் காசு வந்தால் பூத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது கணக்கு.

மூன்றாவது, 'பெரிய கை' என்று காட்டுவது. பணம் கொடுக்கிற வேட்பாளர் ஜெயிக்கிற குதிரை என்ற பேச்சைக் கிளப்பும். கொடுக்காதவர் 'ஒண்ணும் இல்லாத ஆளு' ஆகிவிடுவார்.

நான்காவது, நம் ஊர் வழக்கம். மொய் எழுதுகிற ஊர் இது. கை நீட்டி வாங்கியதற்கு நன்றி காட்ட வேண்டும் என்ற எண்ணம் மனசில் ஊறியது. மொய் நோட்டுக்கு இருக்கிற மரியாதையை அரசியல் தன் பக்கம் திருப்பிக்கொண்டது.

இத்தனைக்கும் இந்தக் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. அதற்கு திருமங்கலமே சாட்சி. 2011 பொதுத்தேர்தலில் அதே தொகுதியில், 2009-ல் தோற்ற அதே முத்துராமலிங்கம் அதிமுக சார்பில் நின்று ஜெயித்தார். இரண்டே ஆண்டில் காற்று மாறியது. 'பணம் கொடுத்தா ஜெயிச்சிடலாம்' என்று ஊர் ஊராகப் பேசப்பட்ட ஃபார்முலா, பிறந்த ஊரிலேயே அடுத்த தேர்தலில் திமுகவைக் காப்பாற்றவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு முறை அல்ல, பல முறை.

முதலாவது குற்றவியல் சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171பி, 171இ பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 170, 173 பிரிவுகள். ஓட்டுக்காகப் பணமோ பொருளோ கொடுப்பது லஞ்சம். அதை வாங்குவதும் லஞ்சம்தான். தண்டனை அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாப்பாடு, குடி என்று விருந்து வைத்தால் அபராதம் மட்டும்.

இரண்டாவது, 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். இதன் 123-வது பிரிவு லஞ்சத்தை 'முறைகேடான நடவடிக்கை' என்கிறது. நிரூபித்தால் வெற்றியே செல்லாது. 6 ஆண்டு வரை தேர்தலில் நிற்கவும் தடை வரலாம். லஞ்சக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், அபராதம் மட்டும் விதிக்கப்பட்டாலும் கூட, 6 ஆண்டு போட்டியிட முடியாது.

மூன்றாவது, செலவு வரம்பு. 2009-ல் தமிழ்நாட்டில் சட்டப்பேரவை வேட்பாளர் 10 லட்சம் ரூபாய் வரைதான் செலவு செய்யலாம். 2022 ஜனவரியில் அந்த வரம்பு 40 லட்சமாக உயர்ந்தது.

இந்த வரம்பை வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொகுதியில் 1.5 லட்சம் வாக்காளர்கள் என்றால், 10 லட்சம் ரூபாயை எல்லோருக்கும் பிரித்தால் தலைக்கு 7 ரூபாய்கூட வராது. தலைக்கு 500 ரூபாய் கொடுத்தாலே 7.5 கோடி ஆகும். அதாவது வரம்பைப் போல் 75 மடங்கு. ஆக, எங்கே பட்டுவாடா நடந்தாலும் அங்கே செலவுக் கணக்கும் பொய்தான்.

'அப்போ இலவச டிவி, மிக்ஸி எல்லாம்?' என்று கேட்கலாம். அது வேறு. தேர்தல் அறிக்கையில் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்து, ஜெயித்த பிறகு அரசு கஜானாவில் இருந்து கொடுப்பது முறைகேடான நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கு அது. சரியா தவறா என்ற விவாதம் தொடர்ந்தாலும், கவரில் வரும் பணமும் அறிக்கையில் வரும் திட்டமும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

அப்புறம் ஏன் யாரும் மாட்டுறதில்லை?

சட்டத்தில் இருக்கிற ஓட்டைகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

• போலீஸ் கை கட்டப்பட்டிருக்கிறது: தேர்தல் லஞ்சம் என்பது போலீஸ் தானாகக் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் விசாரிக்கவே முடியாது. ஜாமீனில் வரக்கூடியதும்கூட. தண்டனையைக் கூட்டி, நேரடியாகக் கைது செய்யும்படி மாற்ற வேண்டும் என்று தேர்தல் ஆணையம் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. நடக்கவில்லை.

• சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள்: கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி. 'எனக்குப் பணம் வந்தது' என்று ஒருவர் சொன்னால் அவரே தன் மீது குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. ரெண்டு பேரும் வாயைத் திறக்காத குற்றத்தை நிரூபிப்பது கஷ்டம்.

• வேட்பாளர் கையில் பணம் இருக்காது: பிடிபடுவது கடைசிக் கட்டத்தில் இருக்கிற தெருவோர ஆள். அவருக்கும் வேட்பாளருக்கும் தொடர்பு என்று காட்டுவது இன்னொரு போராட்டம்.

• கட்சிக்கு வரம்பே இல்லை: வேட்பாளருக்குத்தான் செலவு உச்சவரம்பு. கட்சி எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லை கிடையாது.

• வழக்கு முடியும்போது பதவிக்காலமும் முடிந்துவிடும்: முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போட வேண்டும். 6 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை வேறு. 2016-ல் நெல்லை மாவட்டம் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசத்தில் வந்த முடிவை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கு, மறு எண்ணிக்கை வரை போயும், 5 ஆண்டு பதவிக்காலம் முடியும் வரை இறுதித் தீர்ப்பைக் காணவில்லை. அது தபால் ஓட்டு பற்றிய வழக்கு. எண்ணிப் பார்க்க முடிகிற ஓட்டுக்கே இந்தக் கதி என்றால், கண்ணில் படாத பணத்தை நிரூபிக்க எத்தனை காலம் ஆகும்?

தேர்தலையே ரத்து பண்ணினா?

தேர்தல் ஆணையம் அதையும் செய்து பார்த்தது. அதுவும் தமிழ்நாட்டில்தான் அதிகம்.

2016 மே: அரவக்குறிச்சி, தஞ்சாவூர். வாக்குப்பதிவை முதலில் தள்ளிவைத்து, பிறகு தேர்தல் அறிவிப்பையே ஆணையம் ரத்து செய்தது. பணத்துக்காக ஒரு சட்டப்பேரவைத் தேர்தல் இப்படி ரத்தானது நாட்டிலேயே முதல்முறை. நவம்பரில் மறுபடி தேர்தல் நடந்தது.

2017 ஏப்ரல்: சென்னை ஆர்.கே. நகர். ஜெயலலிதா மறைவால் வந்த இடைத்தேர்தல். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு ரத்து. வருமான வரிச் சோதனையில், 89 கோடி ரூபாய் பட்டுவாடா தொடர்பானவை என்று சொல்லப்பட்ட ஆவணங்கள் சிக்கியதாக ஆணையம் குறிப்பிட்டது. டிசம்பரில் தேர்தல் நடந்தது. டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்போது '20 ரூபாய் டோக்கன்' புகார் எழுந்தது. அவர் தரப்பு மறுத்தது.

2019 ஏப்ரல்: வேலூர் மக்களவைத் தொகுதி. பெருந்தொகை சிக்கியதை அடுத்து, ஆணையத்தின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் தேர்தலை ரத்து செய்தார். ஆகஸ்டில் மறுபடி தேர்தல்.

இந்த எல்லா இடங்களிலும் ஒரு விஷயம் பொதுவானது. யாரால் தேர்தல் ரத்தானது என்று புகார் எழுந்ததோ, அவர்கள் மீண்டும் நிற்கத் தடை எதுவும் வரவில்லை. ஆர்.கே. நகரிலும் வேலூரிலும் முக்கிய வேட்பாளர்கள் அதே முகங்கள்தான். மறு தேர்தல் செலவு அரசு கஜானாவில் இருந்து. பல மாதம் எம்.எல்.ஏ., எம்.பி. இல்லாமல் இருந்தது மக்கள். வேட்பாளருக்கு நஷ்டம் கொஞ்ச நாள் காத்திருப்பு மட்டுமே.

வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்று தனிப் பிரிவே இருக்கிறது. அதேபோல் பணப் பட்டுவாடாவுக்கும் '58பி' என்று ஒன்று சேர்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் கோரிக்கை. அது இன்னும் சட்டம் ஆகவில்லை. அரசியல் சாசனத்தின் 324-வது பிரிவு தரும் பொது அதிகாரத்தை வைத்துத்தான் ஆணையம் சமாளிக்கிறது.

பறக்கும் படை பிடிப்பது யாரை?

திருமங்கலத்துக்குப் பிறகு ஆணையம் சும்மா இருக்கவில்லை. 2011 தேர்தலில் செலவுக் கண்காணிப்பு கடுமையானது. பறக்கும் படை, நிலைக் கண்காணிப்புக் குழு, வீடியோ பதிவு எல்லாம் வந்தன. மதுரை ஆட்சியராக உ. சகாயம் நியமிக்கப்பட்டார். பணம் வாங்காதீர்கள் என்று மாவட்டம் முழுக்கப் பிரசாரம் செய்தார்.

2021 தேர்தலில் தமிழ்நாட்டில் மட்டும் 400 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கமும் பொருளும் பறிமுதல் ஆனது. கேட்கப் பெரிய தொகை. ஆனால் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருந்து கணக்கு காட்ட முடியாத எல்லோரும் இந்த வலையில் சிக்குகிறார்கள். திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடுகிற ஆட்டுச் சந்தை தென் மாவட்டங்களில் பிரபலம். நாலைந்து ஆடு வாங்கினாலே 50,000-ஐத் தொடும். ஆட்டுக்கு எந்த வியாபாரி பில் போடுகிறார்? தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தாலே சந்தை டல்லடிக்கிறது என்பது வியாபாரிகளின் பழைய புலம்பல். பெரிய பணம் எப்போதோ ஊருக்குள் வந்து சேர்ந்திருக்கும். ரோட்டில் நிற்கிற ஜீப்பில் மாட்டுவது பெரும்பாலும் சின்ன மீன்.

அப்போ தப்பு மக்கள் மேலதானா?

'காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுற ஜனம்' என்று திட்டுவது ரொம்ப சுலபம். 2009-ன் நிலைமையை யோசித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல நாக்கு கூசும். அப்போது தமிழ்நாட்டில் 100 நாள் வேலையில் ஒரு நாள் கூலி 80 ரூபாய். விக்கிலீக்ஸ் ஆவணம் சொன்ன 5,000 ரூபாய் உண்மை என்றே வைத்துக்கொண்டால், அது 62 நாள் கூலிக்குச் சமம். ஒரு வீட்டில் மூன்று ஓட்டு என்றால் அரை வருஷ சம்பாத்தியம். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷம் அந்தக் கவரைத் திருப்பிக் கொடு என்று சொல்வது, வெளியில் இருப்பவர்களுக்குத்தான் எளிது.

'எப்படியும் எங்க வரிப்பணம்தானே, வாங்கினா என்ன?' என்பது இன்னொரு வாதம். அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 5,000 ரூபாயை 5 ஆண்டுக்கு, அதாவது 1,826 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 2 ரூபாய் 74 காசு. 1,000 ரூபாய் என்றால் 55 காசு. கொடுத்தவர் அதை முதலீடாகப் பார்க்கிறார். ரோடு கான்ட்ராக்ட், மண், பணி நியமனம், இடமாற்றம் என்று வட்டியோடு எடுக்க வழி தேடுவார். கண்மாய் தூர்வாரக் கேட்டு மனுவோடு போகிறவரிடம், 'அதான் அன்னைக்கே கொடுத்தாச்சே' என்ற எண்ணம் எட்டிப் பார்க்கும். கேள்வி கேட்கிற உரிமையின் விலை அந்த 55 காசு.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பணம் இல்லாத ஆள் தேர்தலில் நிற்கவே முடியாமல் போகிறது. பேரையூரிலோ கல்லுப்பட்டியிலோ 20 வருஷம் ஊர் வேலை பார்த்த ஒரு உள்ளூர்க்காரர் சீட்டு கேட்டால், கட்சி முதலில் கேட்பது 'எவ்வளவு செலவு பண்ணுவீங்க?' என்பதைத்தான்.

அதே ஊருக்கு இன்னொரு முகம்

பெயர் கெட்டுப்போன இதே தொகுதி மக்களுக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே நான்குவழிச் சாலையில் இருக்கிறது கப்பலூர் சுங்கச்சாவடி. நகராட்சி எல்லையில் இருந்து 10 கிலோமீட்டருக்குள் சுங்கச்சாவடி இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. இது திருமங்கலத்தை ஒட்டியே இருக்கிறது. மதுரைக்குப் போய்த் திரும்புகிற திருமங்கலம், கல்லுப்பட்டி, பேரையூர்க்காரர்கள் நான்குவழிச் சாலையில் ஓட்டுவதே கொஞ்ச தூரம்தான். அதற்கு முழுக் கட்டணமா என்பது அவர்கள் கேள்வி.

இந்தக் கோரிக்கைக்காக வியாபாரிகள், வேன் ஓட்டுநர்கள், எல்லாக் கட்சிக்காரர்கள் என்று பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். மறியல், கடையடைப்பு, மனு, வழக்கு என்று எதையும் விடவில்லை. 2024 ஜூலையில் உள்ளூர் வாகனங்களிடம் பாதிக் கட்டணம் கேட்டபோது மறுபடி சாலைக்கு வந்தார்கள். எவரும் கவர் கொடுத்துக் கூட்டி வந்த கூட்டம் அல்ல அது. தன் ஊர்ப் பிரச்சினைக்குக் கட்சி பார்க்காமல் சேரத் தெரிந்த மக்கள்.

இன்னொரு உண்மையும் பலருக்குத் தெரியாது. 2009 இடைத்தேர்தல் பழைய தொகுதி எல்லைப்படி நடந்தது. அப்போது பக்கத்தில் சேடபட்டி என்று தனித் தொகுதி இருந்தது. மறுவரையறையில் அது மறைந்து, 2011 தேர்தலில் இருந்து பேரையூர் தாலுகாவின் ஒரு பகுதி திருமங்கலத்துக்கும் இன்னொரு பகுதி உசிலம்பட்டிக்கும் போனது. அந்த இடைத்தேர்தலில் ஓட்டே போடாத ஊர்களும் இன்று 'ஃபார்முலா தொகுதி' என்ற பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது. அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்தான் இன்று இளம் வாக்காளர்கள். அவர்களும் அந்தக் கேலிக்குத் தப்பவில்லை.

வாக்காளர் என்ன செய்யலாம்?

• சி-விஜில் செயலி: பட்டுவாடாவை நேரில் பார்த்தால் போட்டோ அல்லது வீடியோ எடுத்து இதில் அனுப்பலாம். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு.
• 1950: தேர்தல் தொடர்பான தகவலுக்கும் புகாருக்கும் இலவச தொலைபேசி எண்.
• வேட்பாளரின் பிரமாணப் பத்திரம்: சொத்து, கடன், வழக்கு விவரங்கள் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். போன தேர்தலில் எவ்வளவு, இந்தத் தேர்தலில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.
• ரகசியம் காக்கப்படும்: 'யாருக்குப் போட்டீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும்' என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். தனிநபர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. சத்தியம் வாங்கினாலும் அதற்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது.
• கிராம சபை: தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவிளக்கு முதல் கண்மாய் வரை எழுந்து நின்று கேட்கலாம், செலவுக் கணக்கைப் பார்க்கலாம். தேர்தலுக்கு ஒரு நாள்தான் மதிப்பு என்ற நிலையை மாற்றுவது இந்த 6 நாட்கள்.

பட்டுவாடா செய்கிறவருக்கு இன்றைய நிலையில் இழக்க எதுவும் இல்லை. பிடிபட்டால் ஜாமீன், ரத்தானால் மறுபடி நிற்கலாம், வழக்கு வந்தால் இழுத்தடிக்கலாம். இந்தக் கணக்கை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். '58பி', நேரடிக் கைது, கட்சிக்கும் செலவு வரம்பு ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கின்றன. இவை சட்டம் ஆகாதவரை அடுத்த இடைத்தேர்தல் எந்த ஊரில் வந்தாலும் பணம் அந்த ஊரில் பாயும், கெட்ட பெயர் மட்டும் திருமங்கலத்துக்கு வரும்.